அரசிதழில் இல்லாத கல்

மலேசியச் சாட்சியச் சட்டத்தின் 60ஆவது பிரிவு செத்துப்போன பேராசிரியர்களுக்கு ஒரு சலுகை தருகிறது. நிபுணர் எழுதி விற்பனைக்கு வந்த நூல் ஒன்று இருந்து, எழுதியவர் இறந்துபோயிருந்தாலோ, ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, நூலை மட்டும் காட்டி அவருடைய கருத்தை நிரூபித்துவிடலாம். ஆள் உயிரோடு, கூப்பிடு தூரத்தில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. எத்தனை புத்தகம் எழுதியிருந்தாலும் அவரே வந்து கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். எழுதியவர்கள் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. கூண்டில் ஏற ஆள் தேடி அலைந்த வழக்கு ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து செமெலிங் வழியாக மெர்போக் போகும் வட்டாரத்தில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். பெயர் வேண்டாம், கட்சிக்காரர்கள் இன்னும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய், தோட்டம் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியது. லயங்களை இடித்தாயிற்று. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் லாலாங் புல் வளர்ந்து நின்றது. மிஞ்சியது ஒரு மாரியம்மன் கோவில், அதன் பின்புறம் முனியாண்டியின் சூலம், கோவில் வாசலில் படிக்கல்லாகக் கிடந்த ஒரு கருங்கல் பாளம். 2014ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோவில் கமிட்டிக்கு ஆர்டர் 89-இன் கீழ் சம்மன் வந்தது.

ஆர்டர் 89 என்றால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அத்துமீறிக் குடியிருப்பவர்களை முழு விசாரணை இல்லாமல், பிரமாணப் பத்திரங்களை மட்டும் பார்த்து வெளியேற்றும் சுருக்கு வழி. தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவோ இன்னும் கறார். பிறர் நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த இருப்பு உரிமையாகாது. இந்தியாவில் பன்னிரண்டு ஆண்டு இருந்தால் உரிமை கோரலாமே என்று தமிழ்நாட்டுப் படம் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்களுக்கு நான் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறேன். 1982இல் சிடேக் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அத்துமீறிக் குடியேறியவருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாயத்திலும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. 1991இல் பொஹாரி தாயிப் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறுமனே அத்துமீறியவரையும், உடையவரின் சம்மதத்தோடு உள்ளே வந்தவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்றது. அந்த ஜன்னல் வழியாக ஒரு மாரியம்மனை உள்ளே கொண்டுவர வேண்டும். அதுதான் என் வேலை.

கமிட்டித் தலைவர் பால் மரம் வெட்டி, பிறகு மண்டோராகி, ஓய்வு பெற்றவர். முதல் நாளே என் மேசையில் ஒரு வாதத்தை வைத்தார். "லாயர் தம்பி, இது ராஜேந்திர சோழன் காலத்துக் கோவில். கடாரம்னா இதுதானே? வாசல்ல கெடக்குற கல்லு சண்டிக் கல்லு. அதைச் சொன்னா ஜட்ஜ் அசைஞ்சிடுவாரு."

அவர் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான், 2013 டிசம்பரில், சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்த சண்டி எண் 11 இடிக்கப்பட்ட செய்தி நாடு முழுக்கப் பரவியிருந்தது. சண்டி என்றால் மலாயில் பழங்காலக் கோவில் இடிபாடு. இது ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைமை சொல்லப்பட்ட கட்டுமானம். வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது மண்வாரி இயந்திரம் அதன்மேல் ஏறிவிட்டது. விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் அப்போது பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்த பேராசிரியர் பி. இராமசாமி. 'பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம்' நடத்திய டத்தோ வி. நடராஜனும் பேசினார். நிலம் தனியாருடையது, இடம் அரசிதழில் மரபுச் சின்னமாகப் பதிவாகவில்லை என்று கெடா மாநிலத் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. விளக்கம் சட்டப்படி சரிதான். எனக்கு உறைத்ததும் அதுதான்.

சண்டி எண் 11 யாருக்கும் தெரியாத இடம் இல்லை. எச். ஜி. குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் மனைவி டோரதியோடு 1936, 37இல் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து, கண்ட இடங்களுக்கு வரிசையாக எண் போட்டு, ராயல் ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை ஏட்டில் 1940இல் அறிக்கை வெளியிட்டார். பதினொன்று என்ற எண்ணே அவர் கொடுத்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துப் பல்கலைக்கழக நூலகங்களில் எல்லாம் அது இருந்தது. சுங்கைப் பட்டாணி நில அலுவலகத்தில் இருக்கும் நிலப்பட்டாவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மண்வாரி ஓட்டுபவர் ஆய்வேடு படிப்பதில்லை. நில அலுவலகக் குமாஸ்தாவும் படிப்பதில்லை. ஆய்வேட்டிலிருந்து அரசிதழுக்கு ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பல்கலைக்கழகத்தில் பெயரும் இருக்க வேண்டும், நில அலுவலகக் கவுண்டரில் வரிசையில் நிற்கப் பொறுமையும் இருக்க வேண்டும்.

தலைவரிடம் சொன்னேன்: ஆயிரம் ஆண்டு என்று போனால் தோற்போம். தொண்ணூறு ஆண்டு என்று நிரூபித்தால் போதும். தோட்டத்துத் துரை அனுமதித்துத்தான் கோவில் எழும்பியது, நிர்வாகம் தொடர்ந்து அதை ஏற்றுக்கொண்டிருந்தது, நிலத்தை வாங்கியவர் அது தெரிந்தே வாங்கினார். இந்த மூன்றும் வேண்டும். அவருக்கு முகம் வாடிவிட்டது. சோழனை விட்டுவிட்டுத் துரையைப் பிடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆவணங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கிடைத்தன. பழைய கிராணி ஒருவரின் வீட்டுப் பரணில் செக்ரோல் புத்தகங்கள் இருந்தன. வெட்டுக்காரர் பெயர், வேலை நாள், கூலி, கடைசிப் பத்தியில் பிடித்தம். அரிசிக்கு இவ்வளவு, முன்பணத்துக்கு இவ்வளவு, அதற்கும் கீழே சிறிய எழுத்தில் 'டெம்பிள்' என்று எழுதி ஐம்பது காசு. நிர்வாகமே கூலியில் பிடித்துக் கோவிலுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு முதலாளி, தன் நிலத்தில் அத்துமீறி நிற்கும் கட்டடத்துக்குச் சந்தா வசூலித்துத் தருவாரா? இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் அது மெய்யானது என்று கொள்ளலாம் என 90ஆவது பிரிவு சொல்கிறது. பரண் உரிய இடம்தான் என்று வாதாடத் தயாரானேன்.

கோவில் கணக்கு நோட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று 1947ஆம் ஆண்டுக்குரியது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை எழுந்த காலம் அது. கள்ளுக்கடைகளுக்கு எதிராக இளைஞர்கள் அணிவகுத்து, போலீசோடு மோதி, கெடா தோட்டங்கள் கொந்தளித்துக்கொண்டிருந்தன. எங்கள் நோட்டில் அந்த ஆண்டுத் திருவிழாக் கணக்குக்கு நடுவே, கள்ளுக்கடைக்குப் போகிறவருக்குக் கோவிலில் முதல் மரியாதை கிடையாது என்று ஒரு தீர்மானம். வழக்குக்கு அது பெரிதாக உதவாது. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வழக்கில் இடறியது கட்டடம். இப்போதிருக்கும் கோவில் 1990களில் சிமெண்டில் கட்டியது. கோபுரத்தில் ஆண்டே போட்டிருக்கிறது. ஆகவே கோவிலே தொண்ணூறுகளில் வந்ததுதான், தோட்டம் கைமாறும் நேரத்தில் யாரோ கட்டிவிட்டார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதை முறிக்க நிபுணர் வேண்டும். நிபுணர் என்றால் பல்கலைக்கழகம்.

தலைவர் முதலில் சொன்ன பெயர் ரெ. கார்த்திகேசு. "நம்ம பீடோங் புள்ளைதானே! பினாங்குலதான இருக்காரு!" உண்மைதான். பீடோங்கில் பிறந்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேலை பார்த்து, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியராகி ஓய்வு பெற்றவர். 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' எழுதியவர். இந்த வட்டாரத்து வீடுகளில் பிள்ளைகளைத் திட்டும்போது எடுத்துக்காட்டாக வரும் பெயர். ஆனால் நாவலாசிரியரைச் செங்கல்லுக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. (2016 அக்டோபரில் அவர் காலமானபோது தலைவர்தான் எனக்கு முதலில் போன் செய்தார்.)

தமிழர்களுக்குப் பேராசிரியர் என்றால் வெறும் வாத்தியார் அல்ல. ஊர்க் காரியத்துக்கும் அவர் வர வேண்டும். அந்த எதிர்பார்ப்புக்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திய தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். அது துறைக்குள் முடங்கிய மாநாடு அல்ல. தோட்டப் பள்ளிகளை ஆராய்ந்த கல்வித்துறைப் பேராசிரியர் தி. மாரிமுத்து அரசியலுக்குப் போய்த் துணை அமைச்சர் ஆனார். பேராசிரியர் என். எஸ். இராஜேந்திரன் பிரதமர் துறையில் உட்கார்ந்து தமிழ்ப்பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டார். இராமசாமியோ தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், மூலதனம், அரசு பற்றி 1994இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக நூல் எழுதியவர். 2005இல் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அவருடைய பணி முடிவுக்கு வந்தபோது, வெளியில் பேசியதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. மூன்று ஆண்டில் தேர்தலில் நின்று துணை முதல்வரானார். சண்டி எண் 11 பற்றி அவர் பேசியபோது அவர் பல்கலைக்கழக ஊழியர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் பதவியில் இருப்பவருக்குச் சட்டம் 605 இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்தது. சட்டமுறை அமைப்புகளின் ஊழியர் ஒழுங்கு பற்றியது. வெளியே அறிக்கை விடுவதற்கும் பேசுவதற்கும் அதில் கட்டுப்பாடுகள் உண்டு. விரிவுரையாளர் பயப்படுவதை நான் புரிந்துகொள்வேன். புலத்தலைவர், துணைத் துணைவேந்தர் என்று நாற்காலி உயர உயரப் பயமும் உயர்வதுதான் விசித்திரம். எந்தக் கையெழுத்துக்கு நீதிமன்றத்தில் அதிக மதிப்போ அந்தக் கைதான் பேனாவைத் தொட அதிகம் தயங்குகிறது. நாங்கள் அணுகியவர்களில் ஒருவர் அருமையான குறிப்பு எழுதிக் கொடுத்தார், தன் பெயர் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. இன்னொருவர் வழக்கு முடிந்ததும் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதாகச் சொன்னார். 2014 செப்டம்பரில் மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட இணைப் பேராசிரியர் அஸ்மி ஷரோம், பேராக் அரசியல் நெருக்கடி பற்றி ஒரு கருத்துச் சொன்னதற்காகத் தேச நிந்தனைச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டார். 2016 பிப்ரவரியில்தான் அந்தக் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. எங்கள் வழக்கு நடந்த மாதங்களில் அது எல்லா ஆசிரியர் அறைகளிலும் பேச்சாக இருந்தது.

கடைசியில் ஒப்புக்கொண்டவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியர். புலத்தலைவர் பதவியிலும் இருந்தவர். அவருடைய பெயரும் பல்கலைக்கழகமும் இங்கே தேவையில்லை. குலிம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் என்பது மட்டும் போதும். அவருடைய அலுவலகத்துக்குத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் கோப்புக் குவியல், செயலாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்க்கிறார். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அனுமதி விஷயத்தைச் சொன்னார். பதிவாளருக்கு எழுதலாம், பதில் வர நாளாகும், பதில் வராமலும் போகலாம்.

தலைவர் திடீரென்று பேசினார். "ஐயா, அந்தக் காலத்துல சாரங்கபாணி ஐயா பேப்பர்ல எழுதுனாருன்னு யூனிவர்சிட்டியில தமிழுக்குன்னு எங்கப்பா ஒரு வெள்ளி குடுத்தாரு. பெரட்டுக் களத்துல வச்சு வாங்குனாங்க. அன்னிக்கு அவரு நாள் கூலி அதைவிடப் பெருசா ஒண்ணும் இல்ல."

1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாக நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத்தான் சொன்னார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் சமஸ்கிருதமா தமிழா என்ற கேள்வி எழுந்தபோது, தமிழுக்காகத் தோட்டத்துச் சனங்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி போட்ட கதை.

பேராசிரியர் சிரித்தார். "அது வேற யூனிவர்சிட்டி, அண்ணே."

"யூனிவர்சிட்டி வேறயா இருக்கலாம். குடுத்த சனம் ஒண்ணுதானே?"

அதற்குமேல் அங்கே வாதம் எதுவும் நடக்கவில்லை. என் பங்குக்கு ஒரு வழி சொன்னேன். சுருக்கு வழக்கை ஆர்டர் 28-இன்படி முழு விசாரணைக்கு மாற்றக் கேட்போம். மாறிவிட்டால் சாட்சிகளுக்குச் சபினா எடுக்கலாம். சபினா வந்தால் அவர் தானாகப் போய்ப் பேசியவர் ஆகமாட்டார். நீதிமன்றம் அழைத்து வந்தவர் ஆவார். பேராசிரியர் ஒன்று மட்டும் சொன்னார். "சபினா இருக்கட்டும். நான் இடத்தைப் பார்க்காம வரமாட்டேன். பார்த்ததுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

செக்ரோல் புத்தகத்தின் புண்ணியத்தில், இது விசாரித்துத் தீர்க்க வேண்டிய வழக்கு என்று நீதிபதி ஏற்றார். பேராசிரியர் ஒரு சனிக்கிழமை இரண்டு மாணவர்களோடு தோட்டத்துக்கு வந்தார். கோவிலின் பின்சுவர் ஓரம் தரையைக் கொஞ்சம் சுரண்டினார்கள். சிமெண்டுக்குக் கீழே பழைய செங்கல் அடுக்கு தெரிந்தது. ஒரு செங்கல்லைப் பிரஷ்ஷால் துடைத்தபோது முகப்பில் அச்சு எழுத்து, பாதி தேய்ந்து, மூன்று எழுத்து மட்டும் படிக்கும்படி. பேராசிரியர் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். "புகைக்கூடம் எங்கே?" என்றார். ரப்பர் ஷீட்டைப் புகை போடும் பழைய கட்டடம், கூரை போய், சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. முகட்டுக்குக் கீழே சாந்தில் 1923 என்று பொறித்திருந்தது. அதன் சுவரிலும் அதே செங்கல், அதே அச்சு. தலைவர் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர். ஒருநாளும் செங்கல்லைப் பார்த்ததில்லை.

பிறகு வாசலில் கிடந்த கருங்கல். பாளத்தின் நடுவில் சதுரமாக ஒரு குழி. பூஜாங்கில் புக்கிட் பத்து பகாட் சண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரத்தூண் நிறுத்தும் அடிக்கல்லில் அப்படித்தான் குழி இருக்கும். தலைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேராசிரியர் அளந்தார், படம் எடுத்தார், வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இது எங்கிருந்து வந்ததுன்னு யாருக்காவது தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "அப்ப எனக்கும் தெரியாது," என்றார். அந்த வாரமே மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மரபுச் சின்னமாக இருக்கக்கூடிய பொருளைக் காண்பவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் சொல்கிறது. அதன்படி தெரிவிக்கிறேன், வேறெந்தக் கருத்தும் இந்தக் கடிதத்தில் இல்லை என்று எழுதியிருந்தார். தபாலில் போடாமல் தானே எடுத்துப் போய்க் கவுண்டரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டார். வக்கீல் மூளை அவருக்கு என்று நினைத்தேன். பிறகுதான் தோன்றியது, அது நிர்வாகி மூளை. பல்லாண்டு கோப்புப் பார்த்தவருக்குத்தான் முத்திரையின் அருமை தெரியும்.

விசாரணை சுங்கைப் பட்டாணி உயர் நீதிமன்றத்தில். பேராசிரியர் மலாயில் சாட்சி சொன்னார், வகுப்பு எடுக்கும் தொனியே இல்லாமல். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அனுபவசாலி. முதலில் ஆளைப் பிடித்தார்.

"பேராசிரியர் இந்துவா?"

"ஆமாம்."

"தோட்டத்தில் பிறந்தவரா?"

"ஆமாம்."

"அப்படியானால் இந்த வழக்கில் உங்களுக்கு அனுதாபம் இருக்கிறது."

"இருக்கிறது, யாங் ஆரிஃப். செங்கல்லுக்கு இல்லை."

நீதிபதி குறிப்பெடுப்பதை நிறுத்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்து வழக்கறிஞர் செங்கல்லைப் பிடித்தார். புகைக்கூடம் பாழடைந்த கட்டடம். அதிலிருந்து செங்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பின்னாளில் கோவிலுக்குப் போட்டிருக்கலாம் இல்லையா? நல்ல கேள்வி. நானே பயந்துகொண்டிருந்த கேள்வி. பேராசிரியர் சாந்தைப் பற்றிப் பேசினார். அடியடுக்கில் செங்கற்களை இணைத்திருப்பது சுண்ணாம்புக் காரை; சிமெண்ட் துளியும் இல்லை. புகைக்கூடத்துச் சுவரிலும் அதே காரை. மேல் அடுக்கில்தான் சிமெண்ட் வருகிறது. "செங்கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வரலாம். காரையை எடுத்துக்கொண்டு வர முடியாது."

அத்தோடு விட்டிருக்கலாம். எதிர்த்தரப்பு இன்னொரு கேள்வி கேட்டது. சண்டி விவகாரம் சூடாக இருந்த நேரம் அல்லவா, பேராசிரியர் கற்பனையில் மிதப்பவர் என்று காட்ட ஆசை. மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, "இந்தக் கல் ஏதோ பழைய சண்டியைச் சேர்ந்தது என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டார். நான் அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை.

"இல்லை. அப்படிச் சொல்லவில்லை."

"பிறகு?"

"எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது. தெரியும்வரை அந்த இடத்தில் மண்வாரி இறங்குவது சரியில்லை. இறங்கிய பிறகு தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. போன டிசம்பரில் பார்த்தோம்."

மதிய இடைவேளைக்குப் பிறகு எதிர்த்தரப்பு தவணை கேட்டது. காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. இன்னொரு சண்டி எண் 11 தங்கள் பெயரில் வருவதை எந்த வீடமைப்பு நிறுவனமும் விரும்பாது. அடுத்த சில மாதங்களில் சமரசம் ஆனது. கோவில் நின்ற மூலையை ஒட்டி ஒரு துண்டு நிலத்தை நிறுவனம் மாநில அரசிடம் ஒப்படைக்கும். தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்கீழ் அதை வழிபாட்டு இடமாக ஒதுக்கிப் பதிவு செய்யக் கேட்போம். கோவில் பழைய இடத்திலிருந்து சற்றே நகரும். தலைவர் கேட்ட அளவில் பாதிகூட இல்லை. முனியாண்டிக்கு இருந்த மரம் போயிற்று. கமிட்டியில் இரண்டு பேர் கையெழுத்துப் போட மறுத்து வெளியேறினார்கள். நான் நிறுவனத்திடம் காசு வாங்கிவிட்டதாகக் கடைத்தெருவில் ஒரு பேச்சும் ஓடியது. ஆனால் அந்தத் துண்டு நிலம் இன்று அரசிதழில் இருக்கிறது. இனி யார் பட்டாவைத் தேடினாலும் அது கண்ணில் படும். 1960களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் அமைத்து முதலில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியதும் இதே கணக்கில்தான். காலடி மண் நம் பெயரில் எழுத்தில் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

கல்லைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அளந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். எங்கிருந்து பெயர்த்தது என்று தெரியாத கல்லுக்குக் காலம் சொல்ல முடியாது என்பதே முடிவு. பேராசிரியர் முதல் நாள் சொன்னதும் அதுதான்.

அவருக்குப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து காரணம் கேட்டுக் கடிதம் போயிற்று. நீதிமன்றத்தில் தோன்ற ஏன் முன் அனுமதி பெறவில்லை என்று. அவர் ஒரே வரியில் பதில் எழுதிச் சபினாவின் நகலை இணைத்தார். கோப்பு மூடப்பட்டது. பதவிக்காலம் முடிந்தபோது புலத்தலைவர் நாற்காலி அவருக்கு மறுபடி வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன். "நிரூபிக்க முடியாததை நான் சொல்றதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமே, லாயர்," என்றார். நிபுணர் கட்டணம் வாங்கவில்லை. பெட்ரோலுக்கும் டோலுக்கும் மட்டும் ரசீதோடு கணக்கு அனுப்பினார். ஒரு டோல் ரசீது தொலைந்துவிட்டதால் அந்தத் தொகையைச் சேர்க்கவில்லை என்று அடியில் குறிப்பு வேறு.

புதுக் கோவிலின் கும்பாபிஷேகத்துக்கு அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தத் தலைவர் ஏற்பாடு செய்தார். வருகிறேன், பொன்னாடை வேண்டாம், செக்ரோல் புத்தகங்களையும் கோவில் கணக்கு நோட்டுகளையும் நகலெடுக்கக் கொடுங்கள் என்று சொல்லியனுப்பினார் பேராசிரியர். கெடா தோட்டங்களின் அன்றாடம் பற்றி அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான், கறையான் விட்டுவைத்தவரை. கமிட்டி கூடியது. கொடுத்தால் திரும்பி வருமா, யாரிடம் யார் கையெழுத்து வாங்குவது, பழைய கணக்கில் யார் பெயராவது கெட்டுவிடுமா என்று மூன்று கூட்டம் நடந்தது. செக்ரோல் புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. 1947ஆம் ஆண்டு நோட்டு மட்டும் பழைய செயலாளர் மகன் வீட்டில் இருக்கிறது. கள்ளுக்கடைத் தீர்மானத்துக்குக் கீழே மரியாதை இழந்தவர்கள் பட்டியல் ஒன்றும் இருக்கிறதாம். அதில் அவருடைய தாத்தா பெயர் முதலில் வருகிறதாம். தரமாட்டேன் என்கிறார். போன தீபாவளிக்கும் நானும் தலைவரும் போய்க் கேட்டுப் பார்த்தோம். முறுக்கு கிடைத்தது.